பங்கருக்கு நட்ட கிளுவைத் தடி

முற்றத்தில் சைக்கிள் தலைகீழாக நின்றது. மச்சாள் அதன் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். பின்சில்லோடு உராய்ந்த டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் றேடியோவுக்குப் போயின. மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. செய்தி கேட்க வேண்டுமென்றால் யாராவது சுற்றத்தான் வேண்டும். சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் கூடவே அமுங்கிவிடும்.

மச்சாள் சுற்றினால் குரல் அமுங்காது. கால்களுக்கும் சேர்த்து ஆண்டவன் அவருக்குக் கைகளில் பலத்தைக் கொடுத்திருந்தான்.

செய்தி முடிந்ததும் பெடலை விட்டார். முற்றத்தின் மூலையைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, உங்கை பார். தளிர்விட்டிட்டுது."

சாய்மனைக் கதிரையில் கிடந்த என் கணவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். குண்டுவீச்சுக்குப் பதுங்கும் பங்கர் வெட்டுவதற்கு அளவெடுத்து, நான்கு மூலைக்கும் நான்கு கிளுவைத் தடிகளை நட்டு, தும்புக் கயிறு கட்டிவிட்டிருந்தார். அது எப்போதோ ஒரு மாசி மாதம். இப்போது மழை பெய்து நான்கு தடியும் வேர் பிடித்துவிட்டது.

"ஓம் அக்கா. நல்ல ஈரம் போலை," என்றார் அவர்.

என்னால் குசினிக்குள் நிற்க முடியவில்லை. அகப்பையோடு வெளியே வந்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டால் ஆட்டுக்குக் குழை ஒடிக்கலாம். பங்கர் வெட்டுறது எப்ப?"

"நாளைக்குப் பாப்பம்."

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று நான் சொன்னேன். "பதறாத காரியம் சிதறாது, பிள்ளை" என்று மச்சாள் சொன்னார். எங்கள் வீட்டில் இந்த இரண்டு பழமொழியும் சோறு கறி மாதிரி, ஒன்றில்லாமல் மற்றது வராது.

இவர் எப்படிப்பட்டவர்

இந்தப் பத்தியில் என் கலியாணக் கதையை எழுதிய கிழமை ஒரு வாசகி, "உங்கள் மனுசனின் நல்ல குணம் ஒன்றையாவது எழுதக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். நல்ல குணம் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத இதுதான் வருகிறது.

அவர் பெயர் சிவபாதம். பஸ் டிப்போவில் ரைம்கீப்பர். சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கும் முதலில் வந்தது. எந்த பஸ் எத்தனை மணிக்குப் போக வேண்டும், எது பிந்தி வந்தது என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். பிந்தி வரும் சாரதியை நெற்றிக்கு நேரே கேள்வி கேட்பார். அதே மனிதர் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வந்தால் வேறு ஆள்.

கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டுக்கொண்டு இருக்கும். சைக்கிளுக்கு பிரேக் இல்லை, காலை ஊன்றித்தான் நிற்பாட்டுவார். ஒழுங்கையில் எல்லோரும் வேலி அடைத்து முடித்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு ஓலை வரும். வந்த ஓலை வேலிக்குப் போகாமல் கறையானுக்குப் போகும்.

முன்அறை ஒன்று கட்டுவதற்கு எடுத்த சீமெந்துப் பைகளைத் தாவாரத்தில் அடுக்கினார். "மழை விடட்டும்" என்றார். மழை விட்டது. "வெயில் கொஞ்சம் தணியட்டும்" என்றார். பிறகு யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்து வருவதற்கே தடை வந்தது. ஊரெல்லாம் ஒரு கை சீமெந்துக்கு அலைந்தபோது எங்கள் பைகளைத் தட்டிப் பார்த்தோம். அத்தனையும் கல்லாகியிருந்தன.

இதெல்லாம் சிரிக்கக்கூடிய கதைகள். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. எங்களுக்குப் பிள்ளையில்லை. கொழும்பில் ஒரு கெட்டிக்கார டொக்டர் இருக்கிறார், போய்க் காட்டுவோம் என்று நான் கேட்டேன். பொங்கல் கழியட்டும் என்றார். சித்திரை வருசம் கழியட்டும் என்றார். பிறகு எண்பத்து மூன்றுக் கலவரம் வந்தது. கொழும்புப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாமல் போனது. அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி அவரிடம் கதைக்கவில்லை. அவரும் கதைக்கவில்லை.

மச்சாளுக்கு ஒரு மேசை

மச்சாள் என்று நான் சொல்வது அவருடைய அக்காவை. பெயர் பவளம். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. இருந்த இடத்திலிருந்து கைகளை ஊன்றி அரக்கி அரக்கி வீடு முழுக்கப் போய் வருவார். தாய் நேரத்தோடு செத்துப்போக, தம்பியை மடியில் வைத்தே வளர்த்து ஆளாக்கியவர். தம்பி எதைச் செய்யாமல் விட்டாலும் அதற்கு ஒரு நியாயம் அவரிடம் இருக்கும்.

நான் உடுப்பிட்டியில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடுவோம். கொக்குவிலுக்குக் கலியாணம் செய்து வந்த புதிதில் மச்சாளோடு எனக்கு ஒத்துவரவில்லை. தம்பியைக் கெடுத்து வைத்திருப்பதே இவர்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முழுக்கப் பிழையுமில்லை. ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தால் என் தலைமாட்டில் விடியும்வரை இருந்தது அவர்தான். "நாளைக்குப் பாப்பம்" என்ற மனிதர் பக்கத்து அறையில் குறட்டை விட்டார்.

மறுபடி சண்டை தொடங்கி, குண்டு போடப் பொம்மர் விமானங்கள் வரத் தொடங்கிய காலத்தில் ஒழுங்கையில் எல்லோரும் பங்கர் வெட்டினார்கள். எங்களிடம் இல்லை. பொம்மர்ச் சத்தம் கேட்டதும் நானும் இவரும் வேலியில் ஓலை விலக்கிய பொட்டுக்குள்ளால் நுழைந்து பக்கத்து வீட்டுச் செல்லத்துரை அண்ணையின் பங்கருக்கு ஓடுவோம். மச்சாளால் அந்தப் பொட்டுக்குள்ளால் வர முடியாது. அண்ணையின் பங்கரில் செங்குத்தாக வெட்டிய மண்படிகள். ஒரு தரம் இவரும் நானும் மச்சாளைத் தூக்கிக்கொண்டு போனோம். பொட்டைத் தாண்டுவதற்குள் பொம்மர் வந்து, சுற்றி, குண்டு போட்டு, போயும் விட்டது.

"இனி என்னைத் தூக்காதேங்கோ. நீங்கள் ஓடுங்கோ. எனக்கு மேசை இருக்கு," என்றார் மச்சாள்.

உள் விறாந்தையில் ஒரு தேக்கு மேசை இருந்தது. பொம்மர் வந்தால் அதற்குக் கீழே அரக்கிப் போய் இருந்துகொள்வார். நாங்கள் ஓடுவோம்.

எங்கள் முற்றத்திலேயே, படியில்லாமல் சரிவாக ஒரு பங்கர் வெட்டினால் மச்சாள் தானாகவே இறங்கிவிடுவார். அவ்வளவுதான் வேலை. தம்பி அக்காவுக்கு வாக்குக் கொடுத்தார், அளவெடுத்தார், கிளுவைத் தடி நட்டார். அதற்குப் பிறகு அந்தத் தடிகள்தான் வேலை செய்தன.

இரண்டு பஞ்சாங்கம்

யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு வகை. வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. ஒரு வீட்டார் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு காலத்தைக் கொண்டுபோவார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டும் தொங்கின. வாக்கியத்தில் நல்ல நாள் என்றால் இவர் திருக்கணிதத்தைப் புரட்டுவார். திருக்கணிதத்தில் நல்ல நேரம் என்றால் வாக்கியத்தில் அது ராகுகாலமாக இருக்குமோ என்று பார்ப்பார். செவ்வாய்க்கிழமை மண்ணில் வெட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை வீட்டு மண்ணை வெளியே அள்ளக் கூடாது. மிச்ச நாட்களில் அட்டமி, நவமி, கரிநாள் என்று ஏதாவது ஒன்று வந்து அவரைக் காப்பாற்றும்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஒழுங்கையில் வேறு வீட்டாரும் நாள் பார்த்துத்தான் பங்கர் வெட்டினார்கள். செல்லத்துரை அண்ணை வடகிழக்கு மூலையில் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தித்தான் மண்ணில் முதல் அலவாங்கைப் போட்டார். வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடம் குறிக்க நிலையம் பார்த்துப் பழகிய சனம். குண்டுக்குப் பயந்து தோண்டும் கிடங்குக்கும் அதையே செய்தது. ஆனால் அவர்கள் நாள் பார்த்தார்கள், வெட்டினார்கள். இவர் நாள் மட்டும் பார்த்தார்.

"பொம்மர்க்காரன் பஞ்சாங்கம் பாத்தே வாறான்?" என்று கேட்டேன்.

"சும்மா இரும். வீடு எண்டாலும் பங்கர் எண்டாலும் மண் மண்தான். வீட்டிலை மூண்டு சீவன் இருக்கு. பிழையான நாளிலை வெட்டி ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

"வெட்டாமல் ஏதும் நடந்தால்?"

"உமக்கு எல்லாத்துக்கும் அவசரம்."

அப்போது கொக்குவில் ஸ்ரேசனுக்கு றெயில் வருவதில்லை. தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளைப் பங்கருக்குக் கூரை போடுவதற்காக ஊரே கழற்றிக்கொண்டு போனது. நான் ஓயாமல் போட்ட ஆய்க்கினையில் இவரும் போனார். நல்ல கட்டைகளாகப் பார்த்து, கரியால் 'சி' என்று அடையாளம் போட்டுவிட்டு வந்தார். நாளைக்கு வண்டில் பிடித்து ஏற்றலாம் என்றார். அடையாளத்தோடேயே யாரோ கொண்டுபோனார்கள். பிறகு செல்லத்துரை அண்ணையின் பங்கருக்குள் பதுங்கியிருந்தபோது தலைக்கு மேலே ஒரு 'சி'யைப் பார்த்தேன். அந்த நேரத்தில் சண்டை பிடிக்கவா முடியும்?

"நாளைக்கு எண்ட கதை இனி இந்த வீட்டிலை இருக்கக் கூடாது," என்று நான் எத்தனை தரம் கத்தியிருப்பேன். ஒழுங்கைக்கே அது மனப்பாடம்.

கதவைச் சாத்து

அன்று காலை புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். பொம்மர்ச் சத்தம் கேட்டதும் கையில் மாவோடேயே ஓடினேன். இவர் எனக்கு முன்னால் ஓடினார். மச்சாள் மேசையை நோக்கி அரக்குவதைத் திரும்பிப் பார்த்தேன். வழக்கம் போலக் கையால் எங்களைப் போகச் சொன்னார்.

குண்டு வாசிகசாலைக்குப் பின்னால் இருந்த வெறுங்காணியில் விழுந்தது. எங்கள் வீட்டுக்கும் அதற்கும் இடையில் நான்கைந்து பனைகள்தான். பங்கர் குலுங்கி, மண் கழுத்துக்குள் கொட்டியது. காது அடைத்துவிட்டது.

வெளியே வந்து பார்த்தபோது எங்கள் வீட்டுக் கூரையில் பாதி ஓடுகள் இல்லை. முன்கதவு நிலையோடு இறுகிப்போய் நின்றது. இவர் தோளால் இடித்துத் திறந்தார். நான் முந்திக்கொண்டு உள்ளே போனேன்.

மேசைக்குக் கீழே மச்சாள் இருந்தார். காயமில்லை. தலைமயிர் முழுக்கச் சுண்ணாம்புத் தூசு. என்னைக் கண்டதும் அவர் முதலில் சொன்னது இதுதான்:

"பிள்ளை, தம்பியை உள்ளை விடாதை. கதவைச் சாத்து. எனக்கொரு சீலை எடுத்துத் தா."

அவர் உடுத்திருந்த சீலை நனைந்திருந்தது. பயத்தில் அவரை அறியாமலே போயிருக்கிறது. ஒரு நாளும் யாருக்கும் முன்னால் முந்தானை விலகாத மனுசி.

கதவைச் சாத்தத் திரும்பினேன். இவர் வாசலில் நின்றார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார், கேட்டும்விட்டார். கிணற்றடிப் பக்கம் போனார்.

மச்சாளைக் கழுவித் துடைத்து உடுத்திவிட்டேன். "கூப்பிட்டனான், பிள்ளை," என்றார். "பிறகு யோசிச்சன், கூப்பிட்டு என்ன, நீங்கள் வரவோ ஏலும் எண்டு." குற்றம் சொல்கிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை

மறுநாள் விடிந்ததும் அலவாங்குச் சத்தம் கேட்டு எழும்பினேன். இவர் வெறும் மேலோடு முற்றத்தில் நின்று கொத்திக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து நிலம் மேலே கொஞ்சம் சிவப்பு மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். ஒவ்வொரு கொத்துக்கும் பொறி பறந்தது.

மச்சாள் வாசலுக்கு அரக்கி வந்தார்.

"தம்பி, இண்டைக்குச் செவ்வாய். நாளைக்குத் தொடங்கன்."

இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று கிளுவைகளைப் பிடுங்கி எறிந்தார். நான்காவது, சரிவு இறங்கும் இடத்துக்கு வெளியே நின்றது. "அதையாவது விடு. உயிர் பிடிச்சிட்டுது," என்று மச்சாள் கேட்டார். அதை மட்டும் விட்டார்.

உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. துணி சுற்றிக்கொண்டு வெட்டினார். செல்லத்துரை அண்ணை வந்து ஒரு கை கொடுத்தார். குண்டில் விழுந்து கிடந்த பனைகளைத் தறித்துக் கூரை போட்டார்கள். கல்லாய்ப் போன சீமெந்துப் பைகளை வாசலுக்கு முன்னால் அடுக்கி அரண் கட்டினார்கள். அந்தப் பைகளுக்கும் ஒரு நாள் வேலை வந்தது.

அதன் பிறகு அவர் வேறு மனிதர். கோழி கூவ முன்னம் எழும்புவார். கப்பிக்கு எண்ணெய் விட்டார். சைக்கிளுக்கு பிரேக் வந்தது. ஒழுங்கையிலேயே முதல் வேலி எங்கள் வேலிதான். கூரைக்கு எங்கெங்கோ அலைந்து ஓடு தேடிக் கொண்டுவந்தார். சுவரில் தொங்கிய இரண்டு பஞ்சாங்கத்தையும் அவரே கழற்றினார். நான் அவற்றை அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டேன்.

"சிவபாதத்துக்கு என்ன பிடிச்சது?" என்று ஊர் கேட்டது. எனக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அத்தனை வருசத்து நச்சரிப்புக்கும் பலன் கிடைத்துவிட்டதாக அக்கம்பக்கத்தில் பெருமையும் அடித்தேன்.

மச்சாளுக்குப் பங்கர் பிடித்துப்போனது. பொம்மர் வந்தால் சரிவில் சறுக்கி எங்களுக்கு முன்னால் இறங்கிவிடுவார். உள்ளே ஒரு தண்ணீர்க் குடம், ஒரு பாய், றேடியோ எல்லாம் கொண்டுபோய் வைத்தார். "என்ரை மாளிகை" என்பார். ஏறி வரும்போது அந்தக் கிளுவையைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வருவார். அது நன்றாகத் தடித்துவிட்டது.

ஆனால் இவரால் இருக்க முடியாமல் போனது. சாய்மனைக் கதிரை சும்மா கிடந்தது. சாப்பாட்டைப் போட்டால் சூடு ஆறுவதற்குள் விழுங்கிவிட்டு எழும்புவார். வானத்தில் காகம் இரைந்தாலும் அக்காவைத் தேடி ஓடுவார்.

"இவன் நித்திரையிலையும் ஓடுறான், பிள்ளை," என்று மச்சாள் ஒரு நாள் என்னிடம் சொன்னார். "இவனுக்கு அந்தப் பழைய 'நாளைக்கு' வருத்தமே பரவாயில்லை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஐப்பசி

அது எந்த ஐப்பசி என்று எங்கள் ஊர்ச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தொண்ணூற்றைந்தில் ஒரு நகரமும் அதைச் சுற்றியிருந்த ஊர்களும் ஒரே மழையில் எழும்பி நடந்த ஐப்பசி.

மச்சாளுக்குச் சளிக்காய்ச்சல். நெஞ்சு கரகரவென்று இழுத்தது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்நேரம் ஒழுங்கை முகப்பில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. ஆமி நெருங்கிவிட்டது, எல்லோரும் உடனே வெளிக்கிட்டு, நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிப் பக்கம் போக வேண்டும் என்றது.

செல்லத்துரை அண்ணை வேலிப் பொட்டால் தலையை நீட்டினார்.

"தம்பி, நான் இண்டைக்கு வெளிக்கிடேல்லை. றோட்டைப் பாத்திட்டு வாறன், கால் வைக்க இடமில்லை. சனம் கொஞ்சம் கரையட்டும், நாளைக்குப் போவம். அக்காவும் காய்ச்சலோடை."

இவர் அப்போதே சைக்கிள் கரியரில் சாக்கு மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எண்ட கதை இந்த வீட்டிலை இல்லை, அண்ணை."

என்னுடைய வசனம். என்னுடைய குரலில் இருந்த அதே கடுப்போடு சொன்னார்.

மச்சாள் வாசலிலிருந்து அரக்கி இறங்கி முற்றத்துக்கு வந்தார். கிளுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நாளைக்குப் போவமடா. மழை விடட்டும். இந்த ஒரு நாள் மட்டும்."

எத்தனையோ வருசமாகத் தம்பிக்காக 'நாளைக்கு' கேட்ட மனுசி. தனக்காகக் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"ஏலாது அக்கா. ஒருக்கா உன்னை விட்டிட்டு ஓடினது போதும். இனி ஒரு நிமிசமும் பிந்தமாட்டன்."

அவர் குனிந்து, கிளுவையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அந்தக் கைகளின் பலம் எனக்குத் தெரியும். விட மனமில்லாமல் இருந்திருந்தால் இவரால் எடுத்திருக்க முடியாது. தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு மச்சாளாகத்தான் விட்டார்.

நான் என்ன செய்தேன்? பொட்டலம் கட்டினேன். "கெதியா வெளிக்கிடுங்கோ, இருட்டப் போகுது," என்றேன். அவர் செய்வது சரியென்றுதான் நானும் நம்பினேன்.

செம்மணி வெளி

மச்சாளைக் கரியரில் இருத்தி, என் நூல்சீலையால் இடுப்பைச் சேர்த்து ஆசனத்தோடு கட்டினோம். இவர் தள்ள, நான் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தேன். நல்லூரைத் தாண்டும்போதே சனம் இறுகிவிட்டது. மாடும் வண்டிலும் குழந்தையும் கிழவரும் ஒன்றாக நின்றார்கள். நடந்தோம் என்று சொல்ல முடியாது. ஒரு அடி வைத்தால் நெடுநேரம் நிற்பது, பிறகு இன்னொரு அடி. செம்மணி வெளியில் ஒதுங்க ஒரு மரமில்லை. உப்புக்காற்றும் மழையும் முகத்தில் அறைந்தன. தாகத்துக்குச் சனம் குடையில் மழைத் தண்ணீரை ஏந்திக் குடித்தது.

இரவு முழுக்க அந்த வெளியில்தான் நின்றோம். மச்சாள் ஆசனத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். இருமல் வந்தால் சைக்கிளே ஆடும். ஒரு தரம், "உன்ரை கை நோகும், தம்பி. கொஞ்சம் நிண்டு தள்ளன்," என்றார். "நோகேல்லை அக்கா," என்றார் இவர். அதற்குப் பிறகு இருமலும் குறைந்தது. தேறுகிறார் என்று நினைத்தேன்.

செல்லத்துரை அண்ணை மறுநாள் மதியம்தான் வெளிக்கிட்டிருக்கிறார். மழை விட்டிருந்ததாம். றோட்டில் சனம் கரைந்து, சைக்கிளை ஓட்டிக்கொண்டே பாலத்தைத் தாண்டினாராம். சாவகச்சேரியில் எங்களைக் கண்டபோது கள்ளமில்லாமல் இதைச் சொன்னார். அவருடைய ஆடுகூட நனையவில்லை.

பல மாதம் கழித்து வீட்டுக்குத் திரும்பிப் போனோம். பங்கருக்குள் தண்ணீர் நின்றது. பாயும் குடமும் மிதந்தன. கிளுவை கூரைக்கு மேலே வளர்ந்திருந்தது. இவர் அதைத் தறிக்கவுமில்லை, அதன் பக்கம் போகவுமில்லை. நான் அந்த வெளியிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை, வந்ததாகச் சொன்னால் பொய்.

அந்த இரவு விடியும் நேரம். முன்னால் நாவற்குழிப் பாலம் மங்கலாகத் தெரிந்தது. கம்பியைப் பிடித்திருந்த மச்சாளின் கை கழன்று, சில்லுக்குப் பக்கத்தில் தொங்கி ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டேன். எடுத்துப் பிடித்தேன். மழையில் எல்லோருடைய கையும்தான் குளிர்ந்திருந்தது. ஆனால் இது அந்தக் குளிர் இல்லை. றேடியோவுக்குச் சுற்றிய கை.

"இஞ்சேருங்கோ," என்றேன். "ஒருக்கா நிண்டு அக்காவைப் பாருங்கோ."

அவர் திரும்பவில்லை. முன்னால் நின்றவரின் முதுகையே பார்த்துக்கொண்டு தள்ளினார்.

"நித்திரை கொள்ளுறா. எழுப்பாதையும்."

"இல்லையப்பா, ஒருக்கா…"

"பாலம் தாண்டட்டும்," என்றார். குரல் ஒரு சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. "பிறகு பாப்பம்."

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ காலம். முன்பெல்லாம் அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஓம்," என்றேன். "பிறகு பாப்பம்."

மச்சாளின் கையை எடுத்துச் சீலை முடிச்சுக்குள் செருகிவிட்டு, கரியரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.